அடிமைப் பாடம் நடத்த மறுத்த ஆசிரியர்: பேராயர் டெஸ்மண்ட் டுட்டு

ஒரு மக்கட் கூட்டத்தை என்றென்றும் அடக்கி வைத்திருக்க எண்ணுவோர் இரண்டு இடங்களில் காவல் போடுவர். ஒன்று நிலம், மற்றொன்று பள்ளிக்கூடம். நிலமில்லாதவன் பிறர் வாயிலில் கூலிக்காக நிற்பான். எழுத்தறிவில்லாதவனோ, தான் ஏன் அங்கே நிற்க நேர்ந்தது என்று கேட்கவும் அறியாமல் நிற்பான். இவ்வுண்மையை நம் முன்னோர் ஏட்டில் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தனர். நம் சங்கத்தைப் போன்ற கல்விச் சங்கங்கள் தோன்றியதற்கு அந்தப் பட்டறிவே காரணம்.

சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், கடல் கடந்த ஒரு நாட்டில் இதே போராட்டத்தில் ஈடுபட்ட ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது நன்று. அவர் தென்னாப்பிரிக்காவின் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு. ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமைப் பேராயராக விளங்கியவர். உலக அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றவர். இவரைப் பற்றிப் பேசுவோர் அவர்தம் பரிசுகளையும் பட்டங்களையும் அடுக்கிக் கூறுவர். ஆயின் அவர் வாழ்வின் திருப்பம் ஆலயத்தில் நிகழவில்லை; வகுப்பறையில் நிகழ்ந்தது. அவர் முதலில் ஒரு பள்ளி ஆசிரியர். அரசாங்கம் கட்டளையிட்ட அடிமைப் பாடத்தை நடத்த மறுத்து வெளியேறிய ஆசிரியர். அவர் வாழ்நாள் முழுவதும் செய்தது அந்த மறுப்பின் தொடர்ச்சியே எனலாம்.

நிறத்தால் வகுக்கப்பட்ட நாடு

தென்னாப்பிரிக்காவில் மக்கள்தொகையில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். எனினும் 1913ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நிலச் சட்டம், நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டுமே அவர்களுக்கென ஒதுக்கியது. 1936இல் அது சுமார் 13 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. மண்ணின் மைந்தர்கள் தம் மண்ணிலேயே குடிக்கூலிக்காரர் ஆயினர்.

1948ஆம் ஆண்டுத் தேர்தலில் வெள்ளையரின் தேசியக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. அதுவரை வழக்கமாக இருந்த நிறவேற்றுமை, அதன்பின் சட்டமாக வடிவெடுத்தது. 1950இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் இன்ன நிறம் என்று ஏட்டில் எழுதியது. அதே ஆண்டில் வந்த குடியிருப்புப் பகுதிச் சட்டம், யார் எங்கே வீடு கட்டலாம் என்று வரையறுத்தது. கறுப்பினத்தவர் தம் நாட்டு நகரங்களில் நடமாடவே அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். தவறினால் சிறை. பேருந்து, மருத்துவமனை, கடற்கரை, பூங்கா இருக்கை, அஞ்சலகச் சாளரம் அனைத்தும் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டன.

ஊர் வேறு, சேரி வேறு. கிணறு வேறு, சுடுகாடு வேறு என்று வாழ்ந்தறிந்த நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. அங்கே தோலின் நிறம் செய்ததை இங்கே பிறப்பு செய்தது. அங்கே பாராளுமன்றம் எழுதிய சட்டத்தை இங்கே வழக்கமும் சாத்திரமும் எழுதின.

தலைமையாசிரியரின் மகன்

டெஸ்மண்ட் டுட்டு 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7ஆம் நாள், டிரான்சுவால் மாகாணத்தைச் சேர்ந்த கிளர்க்ஸ்டார்ப் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சக்கரியா, ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர். தாய் அலீத்தா, வெள்ளையர் வீடுகளில் துணி வெளுத்தும் சமைத்தும் பிழைத்தவர். குழந்தை மிகவும் நோஞ்சானாகப் பிறந்தமையால், பிழைத்திருக்க வேண்டுமென்று பாட்டியார் 'ம்பிலோ' என்று பெயரிட்டார். அதற்கு 'உயிர்' என்பது பொருள். இளமையில் கண்ட இளம்பிள்ளைவாதம் அவரது வலக்கையை நிரந்தரமாக நலிவடையச் செய்தது.

தந்தையார் படித்தவர், ஊரில் மதிக்கப்பட்டவர். ஆயினும் கடைவீதியில் ஒரு வெள்ளைச் சிறுமி அவரைப் 'பையா' என்று அழைக்கலாம். அவர் தலை தாழ்த்தி நிற்க வேண்டும். கல்வி பெற்ற மனிதரையும் இழிவு விடாது பின்தொடரும் என்பதை மகன் சிறு வயதிலேயே கண்டார். இது நம் வீட்டு முதியோரும் பட்ட வேதனையன்றோ?

ஒரு தொப்பி செய்த வேலை

ஒரு நாள் அன்னையுடன் சிறுவர் டுட்டு நின்றுகொண்டிருந்தார். நீண்ட அங்கி அணிந்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் அவ்வழியே வந்தார். அன்னையைக் கண்டதும் தம் தொப்பியைக் கழற்றி வணக்கம் தெரிவித்துவிட்டுச் சென்றார். சமையல் வேலை செய்யும் கறுப்பினப் பெண்ணுக்கு ஒரு வெள்ளையர் வணக்கம் செலுத்துவதா! சிறுவருக்கு வியப்புத் தாங்கவில்லை. அந்தப் பாதிரியார்தாம் டிரெவர் ஹடில்ஸ்டன். ஜோகன்னஸ்பர்க்கின் சோபியாடவுன் பகுதியில் ஏழை மக்களிடையே தொண்டாற்றி, நிறவெறியை அஞ்சாது எதிர்த்தவர்.

பின்னர் 1947இல் டுட்டுவுக்குக் காசநோய் கண்டது. ஒன்றரை ஆண்டுக்கு மேலாக மருத்துவமனையில் கிடந்தார். ஹடில்ஸ்டன் பணிகள் பலவற்றுக்கிடையே தவறாமல் வந்து பார்த்தார். படிக்க நூல்கள் கொண்டுவந்து கொடுத்தார். படுக்கையில் கிடந்த அந்நாட்களில்தான் டுட்டுவின் படிப்பார்வமும் இறைநம்பிக்கையும் வேரூன்றின. பிற்காலத்தில் தம் மகனுக்கு டிரெவர் என்றே பெயர் சூட்டினார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஹடில்ஸ்டன் அன்று பணம் தரவில்லை, சொற்பொழிவு ஆற்றவில்லை. ஒரு பெண்ணை மனிதராக மதித்தார், அவ்வளவே. தன் தாய் மதிக்கப்படுவதைக் கண்ட குழந்தை, தானும் மதிப்புக்குரியவன் என்று அறிந்துகொள்கிறது. நம் குழந்தைகளுக்குப் புத்தகத்துக்கு முன்னரே தேவைப்படும் பாடம் இது.

மருத்துவம் பயிலவே டுட்டு விரும்பினார். மருத்துவக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. கட்டணம் செலுத்தப் பணமில்லை, உதவித்தொகையும் கிட்டவில்லை. எனவே தந்தையின் தொழிலையே மேற்கொண்டு, பிரிட்டோரியா நகரில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1954இல் தென்னாப்பிரிக்கப் பல்கலைக் கழகத்தில் அஞ்சல் வழியாகப் பயின்று இளங்கலைப் பட்டமும் பெற்றார். அத்தேர்வுக்கு ஆயத்தம் செய்ய அவருக்குத் துணைபுரிந்தவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் விடுதலைப் போராட்டத் தலைவராகச் சிறை புகுந்த ராபர்ட் சொபுக்வே. 1955இல் லியா என்னும் ஆசிரியப் பெண்மணியை டுட்டு மணந்தார். அவர் டுட்டுவின் தந்தையாரிடம் பயின்ற மாணவி.

1953ஆம் ஆண்டுச் சட்டம்

அதுகாறும் கறுப்பினக் குழந்தைகளுக்குக் கல்வியளித்து வந்தவை பெரும்பாலும் திருச்சபைகளின் பள்ளிகளே. அவற்றில் குறைகள் இருந்தன. எனினும் வெள்ளைக் குழந்தை படித்த கணக்கும் இலக்கியமும் வரலாறும் கறுப்புக் குழந்தைக்கும் ஓரளவு எட்டின. மண்டேலா, சொபுக்வே போன்றோர் அப்பள்ளிகளில் உருவானவர்களே. ஆட்சியாளர் இதனை ஆபத்து என்று கண்டனர்.

1953இல் பாண்டுக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் சூத்திரதாரி, அப்போது பழங்குடியினர் விவகார அமைச்சராக இருந்த வெர்வுர்டு என்பவர். அவர் தம் நோக்கத்தை மறைக்கவில்லை. வெள்ளையர் சமுதாயத்தில் சிலவகைக் கூலி வேலைகளுக்கு மேலாகக் கறுப்பினத்தாருக்கு இடமில்லை என்றும், பயன்படுத்த வாய்ப்பில்லாத கணக்கை அக்குழந்தைகளுக்குக் கற்பிப்பதில் பொருளில்லை என்றும் வெளிப்படையாகவே பேசினார். பள்ளிகள் அரசின் பிடிக்குள் வந்தன. பாடத்திட்டம் மாறியது. வேலைக்காரராக இருப்பதற்கு வேண்டிய அளவே எழுத்தும் எண்ணும் கற்பிக்கப்பட்டன.

பணம் ஒதுக்கியதிலும் அதே நீதி. 1975-76ஆம் ஆண்டில் ஒரு வெள்ளைக் குழந்தையின் கல்விக்கு அரசு செலவிட்டது 644 ராண்டு. இந்திய வம்சாவளிக் குழந்தைக்கு 189. கலப்பினக் குழந்தைக்கு 139. கறுப்பினக் குழந்தைக்கு 42. இந்நான்கு எண்களையும் இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இஃது வெறும் ஏற்றத்தாழ்வு அன்று. படிப்படியாக இறங்கிவரும் ஏற்றத்தாழ்வு. அண்ணல் அம்பேத்கர் சாதியமைப்பைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று குறித்தாரே, அதன் கணக்கு வடிவம் இது.

அதே 1953ஆம் ஆண்டில் நம் சென்னை மாகாணத்திலும் ஒரு கல்வித் திட்டம் வந்தது. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் அரைநாள் படிப்பு, அரைநாள் பெற்றோர் தொழில் என்பது இராசாசி அமைச்சரவையின் திட்டம். மக்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்து எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. இரண்டும் ஒன்றே எனக் கூறுவது முறையாகாது. இங்கே நமக்கு வாக்குரிமை இருந்தது. எதிர்ப்பு ஓராண்டில் வென்றது. அங்கே கறுப்பின மக்களுக்கு வாக்கில்லை. அச்சட்டத்தின் கொடுமை நாற்பதாண்டுக் காலம் நீடித்தது. ஒரு குழந்தை இதற்குத்தான் பிறந்தது என்று பிறர் முடிவு செய்யும் எண்ணம் எங்கெல்லாம் தலைதூக்கினும், அதன் முதல் அடையாளம் பாடத்திட்டத்தில்தான் தெரியும் என்பதே இவ்வொப்புமையால் நாம் பெறும் எச்சரிக்கை.

இச்சட்டம் ஆசிரியர்களுக்கு ஒரு பெரும் தர்மசங்கடத்தை உண்டாக்கியது. பணியில் தொடர்ந்தால் அடிமைப் பாடத்தை நடத்த வேண்டும். விலகினால் குழந்தைகள் தெருவில் நிற்பர். குடும்பமும் பட்டினி கிடக்கும். திருச்சபைகளுக்கும் இதே நெருக்கடி. பள்ளிகளை அரசிடம் ஒப்படைத்தோரும் உண்டு. ஒப்படைக்க மறுத்து மூடியோரும் உண்டு. எத்தனையோ நல்லாசிரியர்கள் பணியில் இருந்தவாறே, ஆய்வாளர் கண்ணுக்குத் தப்பி உண்மைப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தனர். அவர்களை நாம் குறை கூறலாகாது.

டுட்டு 1954 முதல் மூன்றாண்டுகளுக்கு மேல் உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியப் பணி ஆற்றினார். கூட்டம் நிரம்பி வழிந்த வகுப்புகளில் ஆங்கிலமும் வரலாறும் கற்பித்தார். மாணவர்கள் அவரிடம் பேரன்பு கொண்டிருந்தனர். எனினும் இத்திட்டத்துக்கு உடந்தையாக இருக்க அவர் மனம் ஒப்பவில்லை. 1957இல் அவரும் துணைவியாரும் பணியை விட்டு விலகினர். கையில் குழந்தைகள்; வேறு வருவாய் இல்லை. அந்நிலையிலும் விலகினர்.

ஆசிரியர் குருவானார்

தமக்கு ஏதோ தெய்வ அழைப்பு வந்து குருத்துவத்தை நாடியதாக டுட்டு ஒருபோதும் பெருமை பேசியதில்லை. ஆசிரியப் பணியை விட்டபின், மக்களுக்குத் தொண்டாற்ற எளிதில் கிடைத்த வழி அது என்றே வெளிப்படையாகக் கூறினார். 1958இல் ரோசட்டன்வில் பகுதியில் இறையியற் கல்லூரியில் சேர்ந்தார். 1960இல் உதவிக்குருவாகவும், 1961இல் குருவாகவும் திருநிலைப்படுத்தப் பெற்றார். அந்த 1960ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள்தான் ஷார்ப்வில் என்னும் ஊரில், அனுமதிப் புத்தகச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது காவல்துறையினர் சுட்டு 69 பேரைக் கொன்றனர்.

1962இல் மேற்படிப்புக்காக இலண்டன் சென்றார். அங்கே கிங்ஸ் கல்லூரியில் இறையியலில் இளங்கலை, முதுகலைப் பட்டங்கள் பெற்றார். இலண்டன் வீதிகளில் அனுமதிப் புத்தகமின்றி நடந்ததே அவருக்கும் லியாவுக்கும் பெருவியப்பு. வழி தெரிந்திருந்தும் காவலரிடம் சென்று வழி கேட்பார்களாம். ஒரு வெள்ளைக்காரக் காவலர் வாயால் 'ஐயா' என்று அழைக்கப்படுவதைக் கேட்கும் மகிழ்ச்சிக்காகவே அப்படிச் செய்தார்களாம். இதைப் படித்து நகைப்பவர் நகைக்கலாம். ஒரு சொல்லுக்காக ஏங்கியவர்களுக்கே அதன் அருமை தெரியும்.

தாயகம் திரும்பிய டுட்டு, 1967 முதல் ஆலிஸ் நகரின் இறையியற் கல்லூரியில் மீண்டும் ஆசிரியரானார். பின்னர் லெசோத்தோவிலும், அதன்பின் மீண்டும் இங்கிலாந்திலும் பணியாற்றினார். அக்காலத்தில் கறுப்பின மக்களின் இறையியல் அவர் சிந்தையைக் கவர்ந்தது.

வெள்ளையரின் டச்சுச் சீர்திருத்தச் சபை நிறப்பிரிவினைக்கு வேத நூலையே சான்று காட்டி வந்தது. டுட்டு அதே வேத நூலைக் கையிலெடுத்து விடை பகர்ந்தார். மனிதர் யாவரும் இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்டோர் என்பது உண்மையாயின், ஒருவனை நிறத்தால் இழிவுபடுத்துவது குற்றம் மட்டுமன்று, தெய்வ நிந்தனை என்றார். வெள்ளையர் வந்தபோது அவர்களிடம் வேதமும் நம்மிடம் நிலமும் இருந்தன. கண்மூடிச் செபித்துத் திறந்தபோது வேதம் நம்மிடமும் நிலம் அவர்களிடமும் இருந்தன என்னும் வழக்குரையை அவர் மேடையில் சொல்லிச் சிரிக்க வைப்பார். ஆயினும் அந்த வேதமே கொடுங்கோலர்க்கு அச்சம் தருவது என்பது அவர் துணிபு. 1982இல் உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பும், நிறப்பிரிவினையை நியாயப்படுத்துவது வேதப் புரட்டு என்று அறிவித்தது. சாத்திரத்தின் பெயரால் வந்த இழிவைச் சாத்திரத்தைக் கொண்டே கேள்வி கேட்டவர்கள் நம் நாட்டிலும் உண்டு. சாத்திரத்தையே தீயிலிட்டவர்களும் உண்டு. வழி பலவாயினும் வினா ஒன்றே.

குழந்தைகளின் எழுச்சி

1975இல் ஜோகன்னஸ்பர்க் பேராலயத்தின் தலைமைக் குருவாக நியமிக்கப்பட்டார். கறுப்பினத்தவர் ஒருவர் அப்பதவிக்கு வருவது அதுவே முதன்முறை. நகரின் வெள்ளையர் பகுதியில் அதற்குரிய மாளிகை இருந்தது. அதில் குடியேறச் சிறப்பு அனுமதி வேண்டும். டுட்டு அவ்வனுமதியைக் கேட்கவில்லை. கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த சொவேட்டோவில் குடியேறினார். பதவி கிடைத்ததும் சேரியை மறந்து நகர்ப்புறம் சென்று ஒளிந்துகொள்வோர் எல்லா நாட்டிலும் உளர். டுட்டு அவ்வாறு செய்யவில்லை.

அங்கே வாழ்ந்தமையால் இளைஞர் மனத்தில் மூண்டெழுந்த நெருப்பை அவர் கண்டார். கறுப்பினப் பள்ளிகளில் கணக்கு முதலிய பாடங்களை ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் நடத்த வேண்டும் என்று அரசு ஆணையிட்டிருந்தது. அஃது ஆள்வோரின் மொழி. பல ஆசிரியர்களுக்கே தெரியாத மொழி. 1976ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் பிரதமர் வோர்ஸ்டருக்கு டுட்டு ஒரு கடிதம் எழுதினார். மக்கள் பொறுமையின் எல்லைக்கு வந்துவிட்டனர். விரைந்து செயற்படாவிடில் இரத்தம் சிந்தப்படும் என்று எச்சரித்தார். பிரதமர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

ஆறு வாரங்களில் எச்சரிக்கை பலித்தது. சூன் 16ஆம் நாள் சொவேட்டோவின் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் சென்றனர். காவல்துறை சுட்டது. ஹெக்டர் பீட்டர்சன் என்னும் 12 வயதுச் சிறுவன் மாண்டான். அடுத்த மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். பாண்டுக் கல்வி அடிமைகளை உருவாக்கும் என்று சட்டமியற்றியவர்கள் எண்ணினர். அக்கல்வியில் வளர்ந்த தலைமுறையே அதனை எதிர்த்து எழுந்தது. ஆசிரியர் டுட்டு மறுத்த பாடத்தை இப்போது மாணவர்களே மறுத்தனர்.

அதே ஆண்டில் லெசோத்தோவின் பேராயராக டுட்டு திருநிலைப்படுத்தப் பெற்றார். 1978இல் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றத்தின் பொதுச் செயலாளர் ஆனார். அம்மன்றம் சிறைப்பட்டோருக்கு வழக்குரைஞர் அமர்த்தியது. அவர்தம் குடும்பங்களுக்கு உணவளித்தது. 1979இல் டென்மார்க் நாட்டுத் தொலைக்காட்சியில் பேசுகையில், தென்னாப்பிரிக்க நிலக்கரியை அந்நாடு வாங்கலாகாது என்றார். அரசு சீறியது. அவருடைய கடவுச்சீட்டுப் பறிக்கப்பட்டது. மன்றத்தின் கணக்கு வழக்குகளை ஆராய விசாரணைக் குழு அமர்த்தப்பட்டது. அவர் அஞ்சவில்லை.

ஏணியின் நடுப்படி

1983இல் ஆட்சியாளர் ஒரு புதிய தந்திரம் செய்தனர். முந்நிலைப் பாராளுமன்றம் ஒன்றை உருவாக்கினர். வெள்ளையர்க்கு ஓர் அவை. கலப்பினத்தார்க்கு ஓர் அவை. இந்தியர்க்கு ஓர் அவை. பெரும்பான்மையினராகிய கறுப்பின மக்களுக்கு ஓரிடமும் இல்லை.

இங்கே நம் தமிழரும் வரலாற்றில் இடம்பெறுகின்றனர். 1860ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ என்னும் கப்பல், முதல் ஒப்பந்தக் கூலிகளை நேட்டால் கரையில் இறக்கியது. கரும்புத் தோட்டங்களில் உழைத்து மாய்ந்த அவர்களின் வழித்தோன்றல்களுக்கே இப்போது 'உனக்கொரு படி உயரம் தருகிறேன். கீழே இருப்பவனை மறந்துவிடு' என்று ஆசை காட்டப்பட்டது. நடுப்படியில் நிற்பவனுக்குக் கீழ்ப்படிக்காரனைக் காட்டி மகிழ்விப்பது ஆதிக்கத்தின் பழைய உத்தி. ஆனால் 1984ஆம் ஆண்டுத் தேர்தலில் பதிவுபெற்ற இந்திய வாக்காளர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே வாக்களித்தனர். ஏனையோர் ஒதுங்கினர். இந்தத் தந்திரத்தை எதிர்க்கவே 1983 ஆகஸ்டில் ஐக்கிய சனநாயக முன்னணி தோன்றியது. டுட்டு அதன் புரவலர்களுள் ஒருவராக விளங்கினார்.

ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் உட்பிரிவுகளால் பிளவுபட்டு நிற்கும் நமக்கு இது கண்திறக்கும் செய்தி. நம்மினும் தாழ்ந்தவர் என்று ஒருவரைச் சுட்டும் விரல், நம்மைத் தாழ்த்தியவன் கற்பித்த விரலேயாகும்.

பரிசும் பழியும்

1984ஆம் ஆண்டு உலக அமைதிக்கான நோபல் பரிசு டுட்டுவுக்கு வழங்கப்பட்டது. 1960ஆம் ஆண்டுக்குரிய பரிசைப் பெற்ற ஆல்பர்ட் லுட்டூலிக்குப் பின், அப்பரிசைப் பெற்ற இரண்டாம் தென்னாப்பிரிக்கக் கறுப்பினத் தலைவர் இவரே. 1985இல் ஜோகன்னஸ்பர்க்கின் பேராயரானார். 1986 செப்டம்பரில் கேப்டவுனின் தலைமைப் பேராயராக உயர்ந்தார். இவ்விரு பதவிகளிலும் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவரே.

பொருளாதாரத் தடை விதிக்குமாறு உலக நாடுகளை அவர் வேண்டினார். தடையால் கறுப்பின ஏழைகளே துன்புறுவர் என்று மேலைநாட்டுத் தலைவர்கள் சிலர் பரிவு காட்டினர். ஏற்கெனவே துன்பத்தில் உழல்வோர், முடிவுள்ள துன்பத்தை ஏற்க ஆயத்தமாய் இருக்கின்றனர் என்பது அவர் தந்த விடை. 1986இல் அமெரிக்கப் பேரவை, குடியரசுத் தலைவர் ரீகனின் மறுப்பையும் மீறித் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது.

ஆதிக்கத்தை எதிர்த்தவர், தம் மக்களின் வன்செயலையும் கண்டிக்கத் தயங்கவில்லை. காவல்துறைக்கு உளவு சொன்னதாக ஐயுறப்பட்டோரை, கழுத்தில் டயரை மாட்டித் தீயிட்டுக் கொல்லும் கொடுமை அக்காலத்தில் நிகழ்ந்தது. 1985 சூலையில் டுடுசா என்னும் ஊரில் ஒரு சவ அடக்கத்தின்போது கூட்டத்தினர் ஒருவனைக் கொல்ல முனைந்தனர். டுட்டு கூட்டத்துள் புகுந்து அவனைக் காப்பாற்றினார். இக்கொடுமை தொடர்ந்தால் நாட்டை விட்டே வெளியேறுவேன் என்று தம் மக்களிடம் கூறினார். சினங்கொண்ட கூட்டத்தின் கைத்தட்டலை இழக்கத் துணிபவரே உண்மைத் தலைவர்.

1989 செப்டம்பர் 13ஆம் நாள் கேப்டவுனில் ஏறத்தாழ 30,000 பேர் கலந்துகொண்ட அமைதிப் பேரணிக்கு அவர் தலைமை தாங்கினார். எல்லா நிறத்தாரும் கலந்திருந்த அக்கூட்டத்தை வானவில் மக்கள் என்று வாழ்த்தினார். 1990 பிப்ரவரி 11ஆம் நாள் 27 ஆண்டுச் சிறைவாசம் முடிந்து வெளிவந்த நெல்சன் மண்டேலா, விடுதலையின் முதல் இரவைப் பேராயரின் இல்லத்திலேயே கழித்தார். 1994 ஏப்ரல் 27ஆம் நாள், தம் 62ஆம் வயதில், டுட்டு தம் வாழ்நாளில் முதன்முறையாக வாக்களித்தார். வயது 21 ஆனதும் வாக்குரிமை பெற்ற நம் தந்தையரும், 18 ஆனதும் பெற்றுவிட்ட நம் இளைஞரும் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

கண்ணீரும் கணக்கும்

புதிய அரசு 1995இல் உண்மை, நல்லிணக்க ஆணையத்தை அமைத்து டுட்டுவைத் தலைவராக்கியது. கொடுமை செய்தவர், தாம் செய்தவற்றை ஒன்றும் ஒளிக்காமல் பொதுவில் கூறினால், அரசியல் நோக்கத்தால் செய்த குற்றத்துக்கு மன்னிப்புப் பெறலாம் என்பது ஏற்பாடு. 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் நகரில் முதல் விசாரணை தொடங்கியது. பிள்ளையை இழந்த தாயரும் சித்திரவதைக்கு உள்ளானோரும் எழுந்து பேசினர். தலைவர் நாற்காலியில் அமர்ந்திருந்த பேராயர், மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். 21,000க்கும் மேற்பட்டோர் வாக்குமூலம் அளித்தனர். மன்னிப்புக் கோரி வந்த விண்ணப்பங்கள் 7,112. வழங்கப்பட்டவை 849 மட்டுமே.

இவ்வாணையத்தை உலகம் போற்றியது. ஆயினும் பாதிக்கப்பட்டோருள் பலர் மனநிறைவு அடையவில்லை. காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தார், மன்னிப்பு வழங்கும் சட்டத்தையே எதிர்த்து வழக்குத் தொடர்ந்தனர். ஆணையம் பரிந்துரைத்த இழப்பீட்டை அரசு காலந்தாழ்த்தியது. 2003இல் ஒருவருக்கு 30,000 ராண்டு என ஒரே தடவை வழங்கியது. அது பரிந்துரைத்ததினும் மிகக் குறைவு. பறிக்கப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி பறிகொடுத்தோர்க்குத் திரும்பவில்லை.

மன்னிப்பு என்பது மறதியன்று. திருடிய பேனாவைத் திருப்பித் தராமல் மன்னிப்புக் கேட்பதில் பொருளில்லை என்று டுட்டுவே சொல்லி வந்தார். நிறப்பிரிவினையால் செழித்தோர் தம் செல்வத்தில் ஒரு பங்கை வரியாகச் செலுத்த வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அது நடைபெறவில்லை. உண்மையை வெளிப்படுத்துவது நீதியின் முதற்படியே அன்றி முடிவன்று. கண்ணீர் துடைக்கப்பட்டது, கணக்கு இன்னும் தீரவில்லை.

தம்மவரையும் கேட்டவர்

போராடிய கட்சியே ஆட்சிக்கு வந்தபின் பலர் வாய் மூடினர். டுட்டு மூடவில்லை. ஆணையத்தின் அறிக்கையில் விடுதலை இயக்கத்தின் அத்துமீறல்களும் இடம்பெற்றிருந்தன. 1998 அக்டோபரில் அறிக்கை வெளிவருவதைத் தடுக்க ஆளுங்கட்சி நீதிமன்றம் சென்றது, தோற்றது. ஒரு கொடுங்கோன்மையை எதிர்த்தது இன்னொன்றை அரியணை ஏற்றுவதற்கன்று என்று டுட்டு இடித்துரைத்தார். பதவி பெற்றோர் ஆடம்பரத்தில் மூழ்கியபோதும், வளர்ச்சித் திட்டங்களின் பயன் சிறுகூட்டத்தை மட்டுமே அடைந்தபோதும், 2011இல் தலாய் லாமாவின் வருகைக்கு அரசு இடந்தராதபோதும் அவர் குரல் ஓங்கி ஒலித்தது.

இந்திய அரசு 2005ஆம் ஆண்டுக்குரிய காந்தி அமைதிப் பரிசை அவருக்கு வழங்கிச் சிறப்பித்தது. 2021 டிசம்பர் 26ஆம் நாள், தம் 90ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். அவர் விருப்பப்படியே மலிவான எளிய மரப்பேழையில் அவர் உடல் வைக்கப்பட்டது. கேப்டவுனின் புனித சார்ச்சுப் பேராலயத்தில் அவர் அடங்கினார்.

நமக்குரிய பாடம்

2001இல் இனவெறிக்கு எதிரான ஐக்கிய நாடுகள் மாநாடு, டுட்டுவின் நாடாகிய தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கூடியது. சாதிக் கொடுமையும் அங்கே பேசப்பட வேண்டும் என்று நம் மக்களின் பேராளர்கள் முழங்கினர். நம் துயரமும் அவர்கள் துயரமும் உறவுடையவை என்பதை உலகம் அன்று கேட்டது.

இளைஞர்களே! டுட்டுவைப் போல வேலையை உதறுங்கள் என்று கூற இக்கட்டுரை எழுதப்படவில்லை. அவர் உதறியது வேலையை அன்று; தம் மாணவரை அடிமையாக்கும் உடன்பாட்டை. நம் நிலை வேறு. நமக்கு அண்ணல் உருவாக்கித் தந்த அரசியல் சட்டம் இருக்கிறது, வாக்கு இருக்கிறது, பள்ளிக் கதவு சட்டப்படி திறந்திருக்கிறது. ஆகையால் நாம் வெளியேற வேண்டியதில்லை. உள்ளே சென்று நிற்க வேண்டும். ஆயினும் அவர் கேட்ட வினாவை நாம் ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டும். நம் பிள்ளைக்கு எந்தப் பாடம் மறுக்கப்படுகிறது? கணக்கும் அறிவியலும் உனக்கு வராது என்று எந்த வகுப்பில் எவர் கூறுகின்றார்? உனக்கு இதுவே போதும் என்று அளந்து தரப்படுவது எது? மறுக்கப்படும் பாடத்தை மாலை நேரத்தில் சொல்லிக் கொடுப்பதே நம் சங்கத்தின் வேலை.

படித்து உயர்ந்த நம்மவர் தம் தெருவை மறவாதிருத்தல், உட்பிரிவு பேசுவோரைக் கேள்வி கேட்டல், நம் தலைவர்கள் தவறினும் தட்டிக் கேட்டல் ஆகிய மூன்றும் அவர் வாழ்வு நமக்குக் கையளிக்கும் கடமைகள். கற்பி, ஒன்றுசேர், போராடு என்ற அண்ணலின் கட்டளையில் கற்பித்தலே முன் நிற்கிறது. எதைக் கற்பிப்பது என்பதையும் நாமே தீர்மானிக்கும் நாள்தான் நம் விடுதலை நாள். அந்நாளை நோக்கிச் சங்கம் பொன்விழாவுக்கு நடைபோடுக!